சுவரில் சிரிக்கும் ரோம்

1843 ஜூலையில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. 1834 தீவிபத்தில் எரிந்துபோன பாராளுமன்றக் கட்டடம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. புதிய கட்டடத்தின் சுவர்களில் நாட்டின் வரலாற்றை ஓவியமாகத் தீட்டுவதென்று முடிவாகி, அதற்காக ஒரு போட்டியும் அறிவிக்கப்பட்டிருந்தது. ‘கார்ட்டூன்’ என்று அழைக்கப்பட்ட முன்வரைவுகள் வந்து சேர்ந்து மண்டபத்துச் சுவர்களை நிறைத்தன. முதல் பரிசு பெற்ற மூன்றில் இரண்டு ரோமைப் பற்றியவை. ஜூலியஸ் சீசர் படையோடு பிரிட்டனில் இறங்குவதை எட்வர்ட் ஆர்மிடேஜ் வரைந்திருந்தார். தோற்றுப்போன பிரிட்டானியத் தலைவன் கராக்டகஸ், ரோம் வீதிகளில் வெற்றி ஊர்வலத்தில் இழுத்துச் செல்லப்படுவதை ஜி. எஃப். வாட்ஸ் வரைந்திருந்தார். ஆளுக்கு 300 பவுண்டு பரிசு.

அந்த மாதம் 15ஆம் தேதி ‘பஞ்ச்’ இதழில் ஜான் லீச் வரைந்த படம் ஒன்று வந்தது. கந்தல் உடுத்த ஏழைகள், ஊன்றுகோலில் நிற்கும் ஒருவர், மெலிந்த குழந்தைகள். அவர்கள் நிற்பது ஒரு ஓவியக் கண்காட்சியில். எதிரே கனத்த சட்டங்களுக்குள் நன்றாக உண்டு உடுத்த கனவான்களின் உருவங்கள். ‘பொருளும் நிழலும்’ என்பது தலைப்பு. பசி என்று வந்தவர்களைப் படம் பார்க்க அனுப்புகிறது அரசு என்பது அதன் குற்றச்சாட்டு. பத்திரிகைக் கேலிச்சித்திரத்துக்கு ‘கார்ட்டூன்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இந்தப் படத்திலிருந்துதான். சுவரில் தொங்கும் வரலாற்றைப் பார்த்து லீச் தொடுத்த முதல் கேள்வியும் இதுவே.

எட்டு ஆண்டுகள் கழித்து அவர் ரோமையே வரைய உட்கார்ந்தார். கில்பர்ட் அபாட் ஆ பெக்கெட் எழுதிய ‘ரோமின் நகைச்சுவை வரலாறு’ 1851-52இல் மாதப் பகுதிகளாக வெளிவந்தது. ‘பஞ்ச்’ இதழை நடத்திய பிராட்பரி அண்ட் எவன்ஸ் நிறுவனமே பதிப்பாளர். கையால் வண்ணம் தீட்டிய எஃகுத் தகட்டுப் படங்கள் 10, பாடத்தோடு சேர்த்து அச்சான மரச்செதுக்குகள் 98. இன்று படிப்பறைகளிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் உணவகங்களிலும் சட்டமிட்டு மாட்டப்படும் ‘பழைய ரோமக் கேலிப் படங்கள்’ பலவற்றுக்கு மூலம் இந்த நூல்தான்.

வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியையும் இந்த நூலையும் சேர்த்துப் பார்த்தால்தான் லீச்சின் படங்கள் எதற்காகப் பிறந்தன என்பது விளங்கும். ஏற்கெனவே சுவர்களில் கம்பீரமாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு ரோமுக்கு அவை சொன்ன பதில். பதிலை மட்டும் எடுத்து மாட்டினால் அது வெறும் வேடிக்கைப் படமாகச் சுருங்கிவிடுகிறது. எந்தக் கேள்விக்கு அது பதில் என்பதும் பார்ப்பவர் கண்ணில் பட வேண்டும். இந்தப் படங்களால் ஒரு அறையை அலங்கரிப்பது எப்படி என்று யோசிப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். சட்டத்தின் நிறமும் சுவரின் வண்ணமும் அதற்குப் பிறகு.

நூலை உருவாக்கிய இருவரும் ரோமை அறியாதவர்கள் அல்லர். ஆ பெக்கெட் (1811-1856) சட்டம் படித்தவர். லண்டனில் காவல் நீதிமன்ற நடுவராக இருந்தவர். ‘பஞ்ச்’ தொடக்ககால எழுத்தாளர்களில் ஒருவர். லீச் (1817-1864) சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் படித்தவர். நாவலாசிரியர் தாக்கரேயும் அங்கே படித்தவர். இருவரும் வாழ்நாள் நண்பர்கள். அந்தக் காலத்து ஆங்கிலப் பள்ளி என்றால் லத்தீன்தான். ரோம வரலாற்றாசிரியர் லிவியையும் கவிஞர் வெர்ஜிலையும் மனப்பாடம் செய்ய வைத்து, தப்பினால் பிரம்பால் அடித்து வளர்த்த தலைமுறை அது. பிறகு லீச் புனித பார்த்தலோமியோ மருத்துவமனையில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அங்கே அவருடைய உடற்கூறு வரைபடங்களைப் பாராட்டினார்கள். தந்தையின் தொழில் நொடித்ததால் படிப்பை விட்டுவிட்டுப் படம் வரைந்து பிழைக்க வந்தார். அவருடைய ரோமர்களின் உடம்பைக் கவனித்தால் அந்த மருத்துவப் படிப்பு வீணாகவில்லை என்பது தெரியும். தொந்தி சரிவதும் முழங்கால் நடுங்குவதும் தோள் கூனுவதும் எலும்புக்கும் தசைக்கும் பொருந்தியே இருக்கும். கேலிக்காக உடற்கூறை அவர் கைவிடுவதில்லை.

நூலின் காலப் பரப்பும் முக்கியம். நகரம் தோன்றியது தொடங்கிக் குடியரசு முடிவது வரைதான் அதன் கதை. ஆகவே நீரோ இல்லை, கலிகுலா இல்லை, பேரரசுக் காலத்து வெறியாட்டங்கள் எதுவும் இல்லை. இருப்பவர்கள் செனட்டர்கள், தேர்தலில் நிற்பவர்கள், மேடைப் பேச்சாளர்கள், கடன்காரர்கள், மக்கள் தலைவர்கள். பிரிட்டிஷ் பாராளுமன்றமும் நகர மன்றமும் தங்களுக்கு முன்மாதிரி என்று உரிமை கொண்டாடிய ரோம் இது. டோகா போர்த்திய ஆளுக்கு லீச் உயரத் தொப்பியை மாட்டுகிறார். கையில் குடையைக் கொடுக்கிறார். விக்டோரியா காலத்துக் கனவான், தன்னைத்தான் பார்க்கிறோம் என்று உணரும் இடம் அது. பேரரசர்களை வரைந்திருந்தால் அது தூரத்துக் கொடுங்கோலரைப் பற்றிய கதையாகப் போயிருக்கும். குடியரசு ரோமைத் தேர்ந்ததால் கேலி வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது.

அதே காலத்தில் அறிஞர் உலகமும் ரோமின் ஆதிக்கதைகளை உலுக்கிக்கொண்டிருந்தது. ஜெர்மன் அறிஞர் பார்த்தோல்ட் கேயார்க் நீபூர் 1811-12இல் வெளியிட்ட ரோம வரலாறு, ரோமுலஸும் அவனுக்குப் பின் வந்த அரசர்களும் வரலாறு அல்ல, பழங்கதை என்று காட்டியது. 1828 முதல் அது ஆங்கிலத்திலும் கிடைத்தது. பழைய நாட்டுப்பாடல்களிலிருந்தே அந்தக் கதைகள் எழுந்திருக்க வேண்டும் என்ற அவருடைய கருத்தைப் பிடித்துக்கொண்டு, அப்படிப்பட்ட பாடல்களைத் தாமே இயற்றி 1842இல் நூலாக வெளியிட்டார் ஆங்கில எழுத்தாளர் மெக்காலே. ஆற்றுப்பாலத்தைக் காத்த ஹொரேஷியஸை ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் அந்த நூல்வழியே அறிந்தார்கள். ஓநாய்ப் பால் குடித்த இரட்டையரை நீபூர் சான்று கேட்டுச் சோதித்தார், மெக்காலே பாடலாக்கினார், லீச் படமாக வரைந்தார். நூலின் முதல் வண்ணப் படமே மேய்ப்பன் ஒருவன் அந்தக் குழந்தைகளைக் கண்டெடுக்கும் காட்சிதான். மூன்று பேரும் ஒரே கேள்வியைச் சுற்றியே வந்தார்கள்: இதை நம்பச் சொல்கிறீர்களா?

கம்பீர ரோம் சுவர்களில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைத் தனியே சொல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலிப் பயணம் போய்வந்த ஆங்கிலச் செல்வர்கள் ஜொவான்னி பத்திஸ்தா பிரானேசியின் ரோமக் காட்சிகளை வாங்கிவந்தார்கள். 1778இல் இறக்கும்வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் செதுக்கி, 135 தகடுகளை விட்டுச் சென்றவர் பிரானேசி. இடிந்த வளைவுகள் வானளவு உயர்ந்து நிற்க, அடியில் எறும்பளவு மனிதர்கள் திரிவார்கள். பிரெஞ்சு ஓவியர் ழாக்-லூயி தாவீது 1784-85இல் ஹொராத்தி சகோதரர்களின் சூளுரையை வரைந்தார். 1789இல் மகன்களைத் தானே கொல்லச் சொன்ன புரூட்டஸை வரைந்தார். ஆஞ்செலிகா காஃப்மன் 1785இல் கிராக்கஸ் சகோதரர்களின் தாய் கொர்னேலியாவை வரைந்தார். நகைகளைக் காட்டிப் பெருமை பேசிய விருந்தினரிடம் தன் பிள்ளைகளைக் காட்டி, இவர்களே என் நகைகள் என்று அவள் சொன்னதாக வரும் கதை அது. இவற்றையெல்லாம் செதுக்கி அச்சிட்ட படிகள் நடுத்தர வீடுகள்வரை வந்து சேர்ந்தன. கடமை, தியாகம், தாய்மை என்று பாடம் சொல்லும் ரோம்.

லீச்சின் பத்து வண்ணப் படங்களில் ஒன்று அந்தக் கொர்னேலியாவைப் பற்றியது. காஃப்மனின் ஓவியம் இல்லாமலும் அது சிரிக்க வைக்கும். ஆனால் இரண்டையும் அருகருகே மாட்டும்போதுதான், ஒரு தாயைச் சிலையாக்கிய வழக்கத்தை லீச் எவ்வளவு கூர்மையாகக் குறிவைத்தார் என்பது தெரியவரும். பிரானேசிக்குப் பக்கத்தில் லீச்சின் ரோமுலஸ், தாவீதுக்குப் பக்கத்தில் லீச்சின் செனட்டர்கள். இப்படி இணை இணையாக மாட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். இவற்றின் நல்ல நகல்கள் எளிதில் கிடைக்கின்றன. மூலப் படியே வேண்டும் என்று அலையத் தேவையில்லை.

அச்சுப்படங்களால் அறையை அலங்கரிப்பது ஆங்கில, ஐரிஷ் வீடுகளில் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. 1750களிலேயே அது நாகரிகமாகிவிட்டது. படங்களைச் சட்டமிடாமல் சுவரிலேயே நேராக ஒட்டி, சுற்றிலும் அச்சிட்ட காகிதக் கரைகளையும் காகித முடிச்சுகளையும் தொங்கல்களையும் ஒட்டுவார்கள். அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்தில் காசில்டவுன் மாளிகையில் லூயிசா கொனொலி சீமாட்டி 1760களின் இறுதியில் இப்படி அமைத்த அறை இன்றும் இருக்கிறது. வெளிர்நிறச் சுவரில் வட்டமும் நீள்வட்டமும் செவ்வகமுமாகப் படங்கள் ஒன்றுக்கொன்று எடை சமப்பட்டு நிற்கும். எந்தப் படத்துக்கு எதிரே எது வர வேண்டும் என்று வீட்டுப் பெண்களே மாதக்கணக்கில் வெட்டி, அடுக்கி, மாற்றிப் பார்த்துச் செய்யும் வேலையாக இது இருந்தது. தச்சுக் கலைஞர் தாமஸ் சிப்பெண்டேலும் பணக்கார வீடுகளுக்கு இத்தகைய அறைகளை அமைத்துக் கொடுத்தார்.

கேலிப் படங்களுக்கென்றே ஒரு அறையைப் பார்க்க வேண்டுமானால் டெர்பிஷயரில் உள்ள கால்க் ஆபி மாளிகைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு அறையின் சுவர்களில் கில்ரே, ரோலண்ட்சன், குருக்‌ஷாங்க் ஆகியோரின் படங்களை நேராக ஒட்டியிருக்கிறார்கள். இந்த ஒட்டும் முறையில் எனக்குப் பிடித்த விஷயம், எந்தப் படமும் தனிமையில் நிற்பதில்லை என்பதே. ஒன்றைப் பார்த்துச் சிரித்த கண் அடுத்ததற்குத் தாவுகிறது. அமைச்சரும் அரசரும் சீமாட்டியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கிறார்கள். கேலிப் படம் கூட்டத்தில் பேசும் இயல்புடையது. ஒரு பெரிய வெள்ளைச் சுவரின் நடுவில் ஒற்றைக் கேலிப் படத்தை மாட்டுவது அதை மௌனமாக்குவதுபோல் ஆகிவிடும்.

சிரிக்கும் ரோமைச் சுவரில் வைத்த முதல் மக்கள் ஆங்கிலேயர் அல்லர், ரோமர்களே. வெசூவியஸ் எரிமலை கி.பி. 79இல் புதைத்த பகுதியில், ஸ்டாபியே அருகில் ஒரு மாளிகையிலிருந்து 1760இல் ஒரு சுவரோவியத் துண்டு கிடைத்தது. இப்போது நேப்பிள்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எரியும் திராய் நகரிலிருந்து தந்தை அங்கைசீஸைத் தோளில் சுமந்து, மகன் அஸ்கானியஸைக் கையில் பிடித்து வெளியேறும் ஈனியஸ்: ரோமின் மூதாதை. அகஸ்டஸ் தன் பெயரில் எழுப்பிய மன்றத்தில் இதே காட்சியைச் சிலையாக வைத்திருந்தார்; நாடெங்கும் அதன் பிரதிகள் பரவின. மாளிகைச் சுவரிலும் அதே மூவர், அதே அமைப்பு. கிழவர் மடியில் குலதெய்வங்கள் இருக்கும் பெட்டி, சிறுவன் திரும்பிப் பார்த்தபடி ஓட்டம். ஆனால் மூவருக்கும் நாய்முகம், குரங்குடல், வால். ஈனியஸின் நடையில் இருக்க வேண்டிய வீரம் அப்படியே இருக்கிறது. முகம் மட்டும் மாறியிருக்கிறது. அரசு சதுக்கத்துச் சிலை என்ன சொல்கிறது என்பதை அறிந்தவர்கள்தான் இதைப் பார்த்துச் சிரித்திருக்க முடியும்.

பொம்பெயியில் துணி வெளுப்பவர் ஒருவரின் கடை என்று கருதப்படும் இடத்தின் முகப்பில் ஈனியஸும் ரோமுலஸும் கம்பீரமாகவே வரையப்பட்டிருந்தார்கள். அங்கே யாரோ வெர்ஜிலின் காவியத் தொடக்கத்தைத் திருப்பிப்போட்டு, தாம் பாடப்போவது ஆயுதங்களையும் வீரனையும் அல்ல, வெளுப்பவர்களையும் அவர்களுடைய ஆந்தையையும்தான் என்று சுவரில் கிறுக்கிவைத்தார். ஓஸ்தியாத் துறைமுகத்தில் ஒரு மதுக்கூடச் சுவரில் கிரேக்க ஞானியர் எழுவர் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் அருகில் எழுதியிருந்த அறிவுரைகள் மலம் கழிப்பது போன்றவற்றைப் பற்றியவை. வயிற்றைத் தடவிக்கொள்வது நல்லது என்கிறார் சோலோன். கி.பி. 100ஐ ஒட்டிய ஓவியம் இது. அங்கே குடித்துக்கொண்டிருந்த சுமைதூக்கிகளும் மாலுமிகளும் ஞானியரின் பெயர்களை அறிந்திருந்தார்கள் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. நாய்முக ஈனியஸின் ஒரு நகலை லீச்சின் படங்கள் இருக்கும் அறையில் சேர்த்து மாட்டலாம். பதினெட்டு நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு கைகள் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன.

லீச்சுக்கு முன்பே பிரான்ஸில் ஒனோரே தோமியே ‘லெ ஷாரிவாரி’ இதழில் 1841 இறுதி முதல் 1843 தொடக்கம் வரை வெளியிட்ட ‘பழங்கால வரலாறு’ வரிசையில் 50 கல்லச்சுப் படங்கள் உண்டு. கிரேக்க, ரோமப் பழங்கதை மாந்தர்களைத் தளர்ந்த சதையும் களைத்த கண்ணுமாக அவர் வரைந்தார். லீச்சைவிடத் தோமியேயின் கோடு வலிமையானது என்றே நான் கருதுகிறேன். கறுப்பு அடர்ந்து இருள்வதால் தூரத்திலிருந்தே சுவரை ஆளும். லீச் அப்படியல்ல, கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியவர். இதை மறந்துவிட்டு வாங்குபவர்கள்தான் மாட்டிய பிறகு ஏமாற்றமடைகிறார்கள்.

கிட்டப் போனால் என்ன தெரியும்? மூல நூலிலிருந்து வந்த வண்ணப் படத்தை ஒரு பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். எஃகுத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் ஊறவைத்து எடுத்த கோடுகள் அவை. அமிலம் அரித்த பள்ளத்தில் மை நிற்கும். அச்சு எந்திரம் ஈரக் காகிதத்தை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்தும். அதனால் ஒவ்வொரு கோடும் காகிதத்தின் மேல் மயிரிழை உயரத்துக்குப் புடைத்து நிற்கும். விரல் நுனியால் மெல்லத் தடவினாலே தெரியும். அதன்மேல் நீர்வண்ணம். லீச் கொடுத்த மாதிரியைப் பார்த்து வண்ணம் தீட்டும் தொழிலாளர்கள் பிரதி பிரதியாகத் தீட்டினார்கள். ஒருவர் ஒரு நிறத்தை மட்டும் தீட்டி அடுத்தவருக்குத் தள்ளுவது அந்தத் தொழிலின் வழக்கம். ஆகவே நீலம் சில இடங்களில் கோட்டைத் தாண்டி வழியும். சிவப்பு சில பிரதிகளில் அடர்ந்தும் சிலவற்றில் வெளுத்தும் இருக்கும். ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் ஒருபோதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நவீன நகலில் இந்தப் புடைப்பு இராது. கண்ணாடியின் கீழ் நிறங்கள் நுண்ணிய புள்ளிகளாகச் சிதறும்.

இந்தக் கைவண்ணம் எவ்வளவு செலவு பிடித்தது என்பதற்கு லீச் படம் வரைந்த இன்னொரு நூலே சாட்சி. டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கேரல்’ 1843இல் வந்தபோது நான்கு வண்ணப் படங்கள்தான் அதில் இருந்தன. 6,000 பிரதிகள் உடனே விற்றும், 1,000 பவுண்டு எதிர்பார்த்த டிக்கன்ஸுக்குக் கிடைத்தது 230 பவுண்டு மட்டுமே. உயர்ந்த நூற்கட்டுச் செலவோடு வண்ணம் தீட்டும் கூலியும் சேர்ந்து லாபத்தைத் தின்றுவிட்டது.

மரச்செதுக்குகளின் கதை வேறு. கடினமான பாக்ஸ் மரத்தைக் குறுக்கே வெட்டிய கட்டையில் லீச் பென்சிலால் வரைவார். செதுக்குபவர் கோடுகளை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் உளியால் எடுத்துவிடுவார். கட்டை, அச்செழுத்தின் அதே உயரத்தில் இருப்பதால் எழுத்தோடு சேர்த்து ஒரே அழுத்தில் அச்சாகும். நூலில் இவை பாடத்துக்கு நடுவிலும் அத்தியாயத் தலைப்பெழுத்தாகவும் வருகின்றன. உள்ளங்கை அளவு கூட இல்லாதவை பல. என் கண்ணுக்கு லீச்சின் மிகச் சிறந்த வேலை இவற்றில்தான் இருக்கிறது. வண்ணப் படங்களில் கூட்டம் அதிகம், அலங்காரம் அதிகம். மரச்செதுக்கில் ஒருவனோ இருவரோதான். கோடு சிக்கனமாகவும் விரைவாகவும் ஓடும்.

இவற்றை மாட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. தாளின் மறுபக்கத்தில் பாடம் இருக்கும். மெல்லிய தாளில் எழுத்துகள் பின்னாலிருந்து தெரியும். சிலர் அதைக் குறை என்று நினைத்துப் படத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய கொடுமை, படத்துக்காக முழு நூலையும் பிரித்துத் தாள் தாளாக விற்பது. 19ஆம் நூற்றாண்டில் நூல் பலமுறை மறு அச்சானதால் பிரதிகள் அபூர்வமல்ல என்ற சமாதானத்தோடு விற்பனையாளர்கள் இதைச் செய்கிறார்கள். எழுத்தும் படமும் ஒரே அழுத்தில் அச்சான பக்கத்தைக் கிழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முன்பே சிதைந்துபோன பிரதியின் தாள் கிடைத்தால் வாங்கலாம். முழு நூல் கையில் இருந்தால் அது அலமாரியிலேயே இருக்கட்டும்.

நகலுக்கு வழி எளிது. லீச் இறந்து 160 ஆண்டுகள் ஆகிவிட்டன, படங்கள் பொதுவுடைமை. நூலின் மின்வடிவம் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்கிலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இருக்கிறது. பஞ்சுக் காகிதத்தில், நிறமி மையில் அச்சிடுவதே நல்லது. மூலத்தின் பக்க வண்ணத்தைப் பளிச்சென்று வெள்ளையாக்கிவிடாமல் விட்டால் நீர்வண்ணம் தன் இயல்பில் இருக்கும்.

எந்த அளவில் அச்சிடுவது என்பதில் லீச்சே நமக்கு ஒரு முன்னோடியை விட்டுச் சென்றிருக்கிறார். 1862இல் லண்டன் பிக்காடில்லியில் எகிப்திய மண்டபத்தில் தம் ‘பஞ்ச்’ படங்களைப் பெரிதாக்கிக் கண்காட்சி வைத்தார். பெரிதாக்கிய முறை வியப்பானது. மரக்கட்டையின் அச்சை ஒரு ரப்பர் தாளில் எடுத்து, அந்த ரப்பரை எல்லாப் பக்கமும் ஒரே சீராக இழுத்து விரித்து, விரிந்த படத்தைக் கல்லுக்கு மாற்றி, கல்லிலிருந்து கேன்வாஸில் அச்சிட்டார்கள். அதன்மேல் லீச் எண்ணெய் வண்ணம் தீட்டினார். கண்காட்சியில் அவர் ஏறத்தாழ 5,000 பவுண்டு ஈட்டினார். பெரிதாக்கும்போது கோடும் தடிக்கிறது என்பதை அவர் கண்டிருப்பார்; அதனால்தான் வெறும் கோட்டை நம்பாமல் வண்ணத்தால் மூடினார் என்று தோன்றுகிறது. நம் நகலுக்கும் இதே எல்லை உண்டு. வண்ணப் படத்தை மூலத்தைப்போல் இரண்டு மடங்குவரை பெரிதாக்கலாம், முகபாவம் கெடாது. மரச்செதுக்கை மூன்று மடங்காக்கினாலும் தாங்கும், அதன் கோடு அவ்வளவு திடமானது. அதற்குமேல் போனால் நையாண்டி போய்ச் சுவரொட்டி வந்துவிடும்.

படத் தலைப்பை வெட்டாதீர்கள். லீச்சின் படத்தில் பாதி நகைச்சுவை தலைப்பில் இருக்கிறது. டார்க்வினியஸ் மன்னனிடம் ஒரு கிழவி ஒன்பது சிபில் நூல்களை விற்க வந்தாள். அவன் விலை அதிகம் என்றதும் மூன்றை எரித்தாள். மறுபடி மறுத்ததும் இன்னும் மூன்றை எரித்தாள். எஞ்சிய மூன்றை முதலில் சொன்ன விலைக்கே அவன் வாங்கினான் என்பது கதை. லீச்சின் தலைப்பு, மன்னன் அந்தப் புனித நூல்களுக்கு விலைமதிப்பு எடுக்கச் செய்கிறான் என்கிறது. பழைய புத்தகக்கடைப் பேரம்தான் காட்சி. எபிரஸ் நாட்டு பிர்ரஸ் கி.மு. 280இல் 20 யானைகளோடு இத்தாலியில் இறங்கியதை, ஊருக்கு ஒரு சர்க்கஸ் கம்பெனி வந்து இறங்கியதுபோல் அறிவிக்கிறது இன்னொரு தலைப்பு. தலைப்பு இல்லாவிட்டால் யானைகள் மட்டுமே மிஞ்சும். ஆங்கிலத் தலைப்பைப் படத்தோடு வைத்துக்கொண்டு, கீழே தமிழில் இரண்டு வரி எழுதிச் சட்டத்துக்குள் சேர்த்துவிடலாம். யார், எப்போது, என்ன கதை என்பது போதும். வீட்டுப் பிள்ளைகள் அந்த இரண்டு வரிகளிலிருந்து லிவிக்கும் கிரேக்க வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூடார்க்குக்கும் போவார்கள்.

கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடையே அமிலமற்ற அட்டைச் சாளரம் வைத்து இடைவெளி விட வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காகிதம் கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் பிடித்துப் பழுப்புப் புள்ளிகள் படரும். மூலப் படமாக இருந்தால் பசை நாடா ஆகாது. ஜப்பானியக் காகிதத் துண்டும் கோதுமை மாவுப் பசையும்தான் திரும்பப் பிரிக்கக்கூடியவை. அருங்காட்சியகங்கள் காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்தையே எல்லையாகக் கொள்கின்றன. கைவண்ணத்தில் முதலில் மங்குவது இளஞ்சிவப்பு. சன்னலுக்கு எதிர்ச்சுவர் அதற்குப் பகை.

எல்லாவற்றையும் மாட்டிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரோமர்கள் சபைனியப் பெண்களைத் தூக்கிச் செல்லும் காட்சியையும் லீச் வரைந்திருக்கிறார். விக்டோரியா காலக் குடும்பங்கள் அதைப் பார்த்துச் சிரித்தன. திருவிழாவுக்கு அழைத்துவிட்டு விருந்தினரின் மகள்களைக் கவர்ந்ததைப் பற்றிய கதை அது. லிவியே அந்தப் பெண்களின் அச்சத்தையும் ஆத்திரத்தையும் எழுதியிருக்கிறார். கம்பீர ரோமைக் கேள்வி கேட்கும் மற்றப் படங்களைப்போல் அல்லாமல், இந்தப் படம் கம்பீர ரோமின் பக்கமே நின்று சிரிக்கிறது. அதை வரவேற்பறையில் மாட்டுவதை நான் ஏற்கமாட்டேன். பெண்கள் தங்கள் தந்தையருக்கும் கணவருக்கும் நடுவே புகுந்து போரை நிறுத்தும் காட்சியைத் தாவீது 1799இல் வரைந்திருக்கிறார். படிப்பறையில் அதன் நகலுக்கு அருகில் லீச்சின் படத்தை வைத்தால் விவாதத்துக்கு உதவும்.

வரவேற்பறைக்கு உரியவை வேறு: நகரத்தின் பிறப்பைச் சொல்லும் ரோமுலஸ், யானைகளோடு வந்த பிர்ரஸ், குழந்தையாக நின்று ரோமின் மேல் தீராப் பகை பூணும் ஹன்னிபால், மின்டுர்னே சதுப்பில் ஒளிந்து பிடிபட்ட மாரியஸ். ஆறுமுறை கான்சலாக இருந்தவர் கி.மு. 88இல் சேற்றிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவரப்பட்ட கதை அது. பிறகு அவர் தப்பி, திரும்பிவந்து, ரோமில் ரத்தம் சிந்தவைத்து, ஏழாவது முறையும் கான்சலானார். சேற்றில் இருக்கும் மாரியஸைப் படிக்கட்டுச் சுவரின் கடைசிப் படியருகே மாட்டலாம். மேலே ஏறுபவர் எல்லோரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.